ஓதிய தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கம். மதுரை தெற்குவாசல் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். மந்திரம், தாயத்து என்று யார் பேசினாலும் பிடிபிடியென்று பிடித்துவிடுவேன். வாய் கொஞ்சம் நீளம்தான்.

சித்திரை வெயிலில் என் எட்டு மாத மகளுக்கு வயிற்றுப்போக்கு. பல் முளைக்கிறது, தானாக நின்றுவிடும் என்றேன். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அதையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளை துவண்டு கிடந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

"பள்ளிவாசல்ல ஓதி வாங்கிட்டு வாரேன்" என்று மனைவி கிளம்பினாள். எங்கள் பகுதியில் அது வழக்கம். பொழுது சாயும்போது, தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதுவார்கள் என்று எல்லா மதத்துப் பெண்களும் பிள்ளையோடும் தம்ளர் தண்ணீரோடும் வாசலில் நிற்பார்கள். "வாத்தியார் பொண்டாட்டி போற இடமா அது?" என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வெளியே வந்தார். பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டார். பள்ளமாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு தாயி?"

"காலையில போனது."

"தண்ணி குடுத்தீகளா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

காய்ச்சி ஆறிய தண்ணீர்தானா என்று கேட்டுக்கொண்டு, தம்ளர் மேல் ஓதினார். "அல்லாகிட்ட துஆ கேட்டுட்டேன். ஆனா வீட்டுக்குப் போயிராதீக. நேரா பெரியாஸ்பத்திரி. வழியெல்லாம் இந்தத் தண்ணியச் சொட்டுச் சொட்டா நாக்குல விடுங்க" என்றவர், தொழுதுவிட்டு வந்த ரிக்‌ஷாக்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "வெரசாப் போ மாப்ள!"

உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றார் டாக்டரம்மா. தண்ணீரை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி.

பிள்ளை பிழைத்து வீடு வந்ததும் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "இந்த வாசல்ல இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பாத்துட்டேன் சார். நான் சொன்னா பாதிப் பேரு கேக்குறாக. நீங்க படிச்சவுக, நீங்களும் வந்து சொல்லுங்களேன்" என்றார்.

அந்தக் கோடை முழுக்க, சாயங்காலம் அவர் பக்கத்தில் நின்று, வரிசையில் வந்த தாய்மாரிடம் தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓதினால் நோய் தீருமா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் பயந்துபோன ஒரு தாய் முதலில் எந்த வாசலுக்கு ஓடுகிறாளோ, அங்கே விவரம் தெரிந்த ஒரு நல்ல மனிதர் நின்றதால்தான் என் மகள் இருக்கிறாள்.