மகளின் மாடிக்குக் கீழே ஒரு கஞ்சாக் கடை

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கஞ்சா விற்கும் தெருவில் மூச்சு விட்டாலே அது ரத்தத்தில் ஏறிவிடும், திரும்பும்போது பெங்களூர் விமான நிலையத்தில் ஊசி குத்திக் கண்டுபிடித்து நேரே சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். இத்தனைக்கும் நாமக்கல் பக்கம் இருபது வருடமாகக் கோழிப்பண்ணை நடத்துகிறவன். நோய் எப்படிப் பரவும் என்று பிறருக்கு விளக்கம் வேறு சொல்லுவேன்.

மகள் கவிப்பிரியா நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கால்நடை நோய்கள் பற்றி மேற்படிப்புப் படிக்கிறாள். ஒரு வருடம் முடிந்தது, இன்னொன்று பாக்கி. அவள் அனுப்பிய படத்தில், குடியிருக்கும் மாடிக்குக் கீழே ‘காபி ஷாப்’ என்று ஒரு பலகை. அந்த நாட்டில் அந்தப் பெயரில் நடப்பது கஞ்சாக் கடை என்று பண்ணைக்குத் தீவனம் கொண்டுவரும் லாரி டிரைவர் சொல்லிவிட்டார். என் மனைவி உடனே தீர்ப்பெழுதினாள்.

“நீங்களே போய்ப் பாருங்க. சரியில்லைன்னா புள்ளயக் கையோட கூட்டிட்டு வந்துருங்க. படிப்பை அப்புறம் பாத்துக்கலாம்.”

திரும்பி வர இரண்டு டிக்கெட் போட்டேன். இரண்டாவது அவளுக்கு என்பதை அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து உட்ரெக்டுக்கு ரயிலில் அரை மணி நேரம். கட்டணம் பன்னிரண்டு யூரோவுக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்கு எட்டியவரை தட்டைத் தரை. நாமக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தே திசை சொல்லிப் பழகியவனுக்கு, கிழக்கு எது என்று கேட்டால் விழிக்கத்தான் முடிந்தது.

நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. தெருமுனை வந்ததும் யூகலிப்டஸ் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன். கடையை ஒட்டிய படிக்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடியில் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன்.

“ஏனுங்கப்பா, இங்க வர்ற வாசனை வெங்காயம் வதக்கறதுங்க. கஞ்சா இல்லீங்க” என்றாள், கதவைத் திறந்துகொண்டு வந்த கவிப்பிரியா.

“எதுக்கும் இருக்கட்டும் சாமி.”

மதியம் மூன்று மணி. கடையை உள்ளே போய்ப் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஆறரை அடி உயரத்தில் ஒரு காவலாளி. எங்களுக்கு முன்னால் நின்ற, பாதி நரைத்த தாடிக்காரரிடம் அடையாள அட்டை கேட்டார். இல்லை என்றதும், சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து நான்.

இங்கேதான் என் முன்னேற்பாடு காலை வாரியது. பாஸ்போர்ட் தொலைந்துவிடக் கூடாது என்று, சந்தைக்குப் போகும்போது பணம் வைப்பதுபோல, பேண்ட்டுக்குள் போட்டிருந்த பட்டாபட்டி டவுசரின் பையில் வைத்து ஊக்குக் குத்தியிருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி பெல்ட்டைத் தளர்த்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

“அப்பா, என்னங்க பண்றீங்க?”

“பாஸ்போர்ட்டு சாமி.”

“இதுக்கு நான் ஊருக்கே வந்துருக்கலாம்.”

வெதுவெதுப்பாக இருந்த பாஸ்போர்ட்டைக் காவலாளி இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். “‘ஒரு வருசமா வணக்கம் சொல்லிட்டு மாடிக்குப் போயிருவ. இன்னைக்குத்தான் உள்ள வர்ற, அதுவும் அப்பாவோட’ன்னு சொல்றாருங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை கடல் தாண்டி வந்தேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே புதினாத் தேநீர் மூன்று யூரோ. மது கிடையாது. கடை நடத்தும் மரைக்கே என்ற அம்மாள், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எளிய ஆங்கிலத்தில் எனக்கு விதிகளைச் சொன்னார். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் உள்ளே வரக்கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஐந்து கிராமுக்கு மேல் விற்கக்கூடாது. விளம்பரம் கூடாது. கடையில் அரைக் கிலோவுக்கு மேல் இருப்பு கூடாது. வேறு போதைப்பொருள் வாசலைத் தாண்டக்கூடாது. அக்கம்பக்கத்தார் தொந்தரவு என்று புகார் செய்தால் கடைக்கு நகராட்சி பூட்டுப் போட்டுவிடும்.

“அப்படியென்றால் இது சட்டப்படி சரியானது, இல்லையா?” என்று கேட்டேன்.

“சரியில்லை. இந்த விதிக்குள் இருக்கும்வரை வழக்குப் போடமாட்டார்கள், அவ்வளவுதான்.”

“சரக்கு எங்கிருந்து வருகிறது?”

“அதை எனக்கு விற்பவர்மேல் வழக்குப் போடுவார்கள்” என்றார், தேநீரில் இன்னொரு புதினாக் கொத்தைப் போட்டபடி.

முன்வாசலுக்கு மன்னிப்பு, பின்வாசலுக்குத் தண்டனை. தலை சுற்றியது, அது புகையால் அல்ல. ஆனால் வாசலில் காவல் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது. என் பண்ணையிலும் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல், பதிவேட்டில் பெயரெழுதாமல் மாமனாரே வந்தாலும் கொட்டகைக்குள் விடமாட்டேன். ஒரு பிசகு நடந்தால் மொத்தப் பண்ணையும் போய்விடும். மரைக்கேவும் அதே பயத்தில்தான் கதவுக்கு ஆள் போட்டிருக்கிறார்.

மாடிக்குத் திரும்பியதும் தயங்கித் தயங்கி இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினேன். கவிப்பிரியா அதில் தன் பெயரைப் படித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே நின்ற காவலாளியைக் காட்டினாள்.

“லேப்ல இருந்து பொழுது சாஞ்சு வரும்போது மத்த தெருவெல்லாம் வெறிச்சோடிக் கெடக்குமுங்கப்பா. இந்தத் தெருவுல மட்டும் எப்பவும் ஒரு ஆள் நிப்பாரு. அதுக்குத்தான் இந்த ஊட்டையே புடிச்சேன்.”

மனைவிக்குப் போன் போட்டேன். “புள்ள கெளம்பிட்டாளா?” என்றாள்.

“இல்ல. கீழ இருக்கறவங்க நம்ம பண்ணையவிடக் கட்டுப்பாடா நடத்தறாங்க. படிப்ப முடிச்சுட்டு வரட்டும்.”

பெங்களூரில் யாரும் ஊசி குத்தவில்லை. நாய் ஒன்று வந்து என் பையை முகர்ந்தது. தைல நெடிக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு அடுத்த பைக்குப் போய்விட்டது. நான் ஒற்றை ஆளாக நாமக்கல் வந்து சேர்ந்தேன்.