முதலில் மூடிய பாத்தி

ஒடெட் லவீனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. வெர்மான்ட்டின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய மலைச்சரிவில், முப்பத்தெட்டு வருஷம் மாடுகளோடு மல்லுக்கட்டியவள். பால் விலை கட்டுபடியாகாமல் நாற்பத்திரண்டு ஜெர்சி மாடுகளையும் ஒரே நாளில் லாரியில் ஏற்றி அனுப்பியபோது, கண்ணீர் விடாமல் வாலைத் தட்டி ஏற்றியவள் அவள்தான். அவள் புருஷன் ஃபெர்னான் அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் பூவில் இறங்கினாள். இரும்புக் குழாய்களை வளைத்து, மேலே பிளாஸ்டிக் இழுத்துக் கட்டி, தொண்ணூறு அடி நீளத்துக்கு ஃபெர்னானே கூடாரம் போட்டுக் கொடுத்தான். உள்ளே அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. அக்டோபரில் நட்ட ரனன்குலஸ் கிழங்கையும் ஸ்னாப்டிராகன் நாற்றையும் மார்ச் வரை சாகவிடாமல் வைத்திருந்தால் போதும்; மற்றவர்கள் வெளியே மண்ணைக் கிளறும்போது அவள் பூ வெட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் சாகவிடாமல் வைத்திருப்பதில்தான் முழுப் பாடும். பாத்திகளுக்குப் பனித்துணியை, குளிர் தாக்காமல் காக்கும் மெல்லிய வெள்ளைத் துணியை, இரட்டையாகப் போர்த்த வேண்டும். வெயில் ஏறினால் கூடாரத்தின் ஓரங்களைச் சுருட்டிக் காற்றுவிட வேண்டும். விடாவிட்டால் வசந்தம் வந்துவிட்டதென்று செடி ஏமாந்து தளதளவென்று கிளம்பும். அடுத்த குளிரில் கருகிப்போகும்.

"நாங்கெல்லாம் பொண்டாட்டிக்கே ஒத்தப் போர்வைதான் குடுக்குறோம். நீ பூவுக்கு ரெண்டு போத்துறியே!" என்பான் எல்வுட். பக்கத்துப் பண்ணைக்காரன், அவர்கள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிக் கொடுப்பவன்.

"அதனாலதான் உன் பொண்டாட்டி ஃப்ளோரிடாவுக்கு ஓடிட்டா" என்பாள் ஒடெட்.

நான்காவது குளிர்காலத்தில் ஃபெர்னானுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. முதலில் சாவி எங்கே என்பான். பிறகு வண்டி எங்கே என்றான். பிறகு, தன் அம்மா இன்னும் ஏன் தேவாலயத்திலிருந்து திரும்பவில்லை என்று கேட்டான். ஒரு வேலை மட்டும் அவன் கையில் மிஞ்சியது. வெயில் நாட்களில் காலை பத்து மணிக்குக் கூடாரத்தின் ஓரங்களைச் சுருட்டுவான். இரண்டு மணிக்கு இறக்குவான். கடிகாரம் பார்க்கத் தெரியாமல் போன பிறகும் அந்த நேரம் அவன் உடம்புக்குத் தெரிந்தது.

ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒடெட்டுக்கு வேலை தரத் தயாராக இருந்தார்கள். அங்கே போனால் பகலெல்லாம் அவனை யார் பார்ப்பது? முதியோர் காப்பகத்தில்தான் விட வேண்டும். பூ இருந்தால் அவளும் வீட்டில், அவனும் வீட்டில். அதனால் அவள் அந்தக் கிழங்குகளைக் காப்பாற்றியது பூவுக்காக மட்டுமல்ல.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஒரு வாரம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே வடக்கிலிருந்து காற்று. வெயில் மட்டும் கண்ணைப் பறித்தது. வியாழக்கிழமை ஃபெர்னானின் மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். துணைக்கு உட்கார வருவதாகச் சொன்ன எல்வுட்டின் வண்டி குளிரில் கிளம்பவில்லை.

"இன்னைக்குத் திறக்கக் கூடாது. கேட்டுச்சா? வெயிலைப் பார்த்து ஏமாந்துடாதே" என்றாள் ஒடெட்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் ஃபெர்னான். "பட்டாணி சூப் இருக்கா?"

"அடுப்பு மேலேயே இருக்கு. தொலைக்காட்சி பார்த்துக்கிட்டு இரு. நான் இதோ வந்துடுறேன்."

பாதையில் ஒரு லாரி சறுக்கிக் குறுக்கே நின்று மணிக்கணக்கில் வழியை அடைத்துவிட்டது. அவள் திரும்பும்போது மணி மூன்றரை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பியதுமே பார்த்துவிட்டாள். கூடாரத்தின் இரண்டு ஓரங்களும் மேலே சுருட்டியிருந்தன. காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போனது. பாத்திகள் அம்மணமாகக் கிடந்தன. பனித்துணி ஒரு முழம்கூட இல்லை. இலைகள் கண்ணாடிபோல விறைத்துக் கறுத்திருந்தன.

சமையலறையில் விளக்கு எரிந்தது. தொலைக்காட்சிச் சத்தம் முற்றம் வரை கேட்டது. உள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்தாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தால் கையை நீட்டிவிடுவேன், உள்ளேயே கிடக்கட்டும் என்றும் நினைத்தாள்.

ஓரங்களை இறக்கினாள். கொட்டகைக்கு ஓடி, வைக்கோல் மூடும் தார்ப்பாயையும் பழைய தீவனச் சாக்குகளையும் இழுத்து வந்தாள். முதல் பாத்தியை மூடினாள், இரண்டாவதை மூடினாள். மூன்றாவதில் பாதி வரும்போது சாக்கு தீர்ந்துவிட்டது. கம்பளி எடுக்க வீட்டுக்குள் ஓடினாள். கூடாரத்தில் அவளுக்கு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

சூப் தொடப்படாமல் இருந்தது. நாற்காலி காலி. ஃபெர்னானின் தடித்த கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"ஃபெர்னான்!"

மாடியில் இல்லை. நிலவறையில் இல்லை. பின்வாசலில், காற்று பாதி அழித்துவிட்ட காலடித் தடம் மாட்டுத் தொழுவத்தை நோக்கிப் போயிருந்தது. முழங்கால் வரை புதைந்து புதைந்து ஓடினாள்.

ஆறு வருஷமாகக் காலியாகக் கிடந்த தொழுவத்தில் பனித்துணி முழுவதும் இருந்தது. ஒவ்வொரு மாடு கட்டுமிடத்திலும் ஒரு துண்டாகக் கிழித்து, ஓரம் மடக்கி, ஒழுங்காக விரித்திருந்தான். கடைசிக் கட்டுத்தறியில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். கையில் உறை இல்லை. விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன.

"எங்கே போயிட்டே இவ்வளவு நேரம்?" என்றான். நாக்கு குழறியது. "வண்டிச் சத்தம் கேட்டுச்சே. கன்னுக்கெல்லாம் குளிருது ஒடெட். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

அவள் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குச் சுற்றினாள். அவன் கைகளைத் தன் அக்குளில் திணித்துக்கொண்டாள். தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒருவழியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு அப்போதுதான் வந்த எல்வுட்டும் அவளும் சேர்ந்து அவனை ஒரு பழைய கதவுப்பலகையில் போட்டு இழுத்து வந்தார்கள்.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்டாள்: "வீட்டுக்கு வந்ததும் உடனே தேடினீங்களா?"

"ஆமா" என்றாள் ஒடெட்.

வலது கையில் நான்கு விரல்களும் இடது கையில் இரண்டும் போயின. அந்த இருபது நிமிடத்தில் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்தாள். ஃபெர்னான் வீடு திரும்பவில்லை. அங்கிருந்து நேராகக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஏப்ரலில் அவள் சாக்குகளை எடுத்துப் பார்த்தாள். ரனன்குலஸ் கிழங்குகள் கையில் எடுத்ததும் கூழாக வழிந்தன. மூன்றாவது பாத்தியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. முதலில் மூடிய பாத்தியில் மட்டும், கருகிய ஸ்னாப்டிராகன் தண்டுகளின் அடியிலிருந்து சிவந்த துளிர் விட்டிருந்தது. பிடுங்கி எறியக் குனிந்தாள். கை போகவில்லை. தண்ணீர் ஊற்றினாள்.

ஜூன் முதல் வாரத்தில் பூத்தவற்றையெல்லாம் வெட்டி எல்வுட்டின் வண்டியில் பூக்கடைக்கு அனுப்பினாள். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

"நல்லாத்தானே வந்திருக்கு. ஏன் இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிறே?" என்றான் எல்வுட்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அவனிடம் சொன்னாள். நர்ஸிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். எல்வுட் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "என் வண்டி கிளம்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவன், பூ வாளிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினான்.

சலவைக்கூடத்து வேலையில் அவள் சேர்ந்தாள். காப்பகம் அடுத்த தெருவில்தான். மதிய இடைவேளையில் போய் அவனுக்கு ஊட்டிவிடுவாள். ஒரு நாள், அடக்கமாட்டாமல், யாருக்கோ நடந்ததுபோல அவனிடமே சொன்னாள். ஒரு பொம்பளை, குளிரில் புருஷனைத் தேடாமல் பூவை மூடிக்கொண்டிருந்தாள் என்று.

ஃபெர்னான் கவனமாகக் கேட்டான். "அடப் பாவமே. அந்த ஆளு என்ன ஆனான்?"

"பிழைச்சுட்டான்."

"அவளை ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலை."

"சொல்லியிருக்கணும்" என்றான் ஃபெர்னான், அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டே. "நானா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"கேளு" என்றாள் ஒடெட். "இப்பவே கேளு."

அவன் அவளைப் பார்த்தான். யாரென்று தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதையோடு புன்னகைத்தான். அவள் கரண்டியை நீட்டினாள்.