கண்மாய்க் கரையில் வெள்ளைத் துணி

சத்திரப்பட்டிக் களத்தில் பேண்டேஜ் துணி காயப்போடும் சுந்தரம்மாள், கார்த்திகை பிறந்துவிட்டால் கண்மாயை ஒருமுறை பார்க்காமல் வேலையில் கை வைக்க மாட்டாள். வெளியூரிலிருந்து கூழைக்கடாப் பறவைகள் வந்திறங்கும் மாதம் அது. கண்மாய் வறண்டு கிடந்த வருசங்களிலும் பார்த்தாள். "ஏட்டி, வானத்துலயிருந்து மாப்பிள்ளையா வாரான்?" என்று களமே சிரித்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருச மழையில் கண்மாய் பெருகியது. ஒரு காலையில் தூறல் விழுந்தபோது, அக்கரையில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைக் கண்டு மேஸ்திரி மாரிச்சாமி கத்தினார்: "எவ அங்க போயி துணி போட்டது? நனையுது, ஓடுங்க!"

பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். சுந்தரம்மாள் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர்கள் நெருங்கியதும் துணி அத்தனையும் சிறகு விரித்து எழுந்து, களத்துக்கு மேலே வட்டமடித்தது.

"இப்ப எடுங்கடி பாப்போம்! மடிச்சு வைங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள் சுந்தரம்மாள்.