பன்னிரண்டு மாதப் பள்ளியும் ஒரு பாடும்

பிள்ளைகள் வராத பள்ளியில் தண்டனை வாத்தியாருக்குத்தான் என்பது என் சக ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியாததல்ல.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் செலவில், கோட்டைக்குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வந்தேன். மற்றப் பள்ளிகளுக்கு அமாவாசை, பௌர்ணமி, அறுவடை என்று விடுமுறை உண்டு. என் பள்ளிக்கு ஞாயிறு தவிர ஒரு நாளும் கிடையாது, வருகை குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவோம் என்று கோட்டைத் துரை உத்தரவிட்டார். ஊரே முணுமுணுத்தது. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். மனைவி இறந்த பிறகு, விடுமுறைக்கு அனுப்பம்பட்டு வீட்டுக்குப் போனால் எனக்குப் பேச்சுத்துணை சுவரில் இருக்கும் பல்லிதான். பள்ளியை விட்டால் பல்லி. ளகர லகரம்தான் வித்தியாசம்.

மறக்காத ழகரம்

முன்பெல்லாம் விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் ழகரத்தைக் கடலில் போட்டுவிட்டு வருவார்கள். இப்போது அதற்கு அவகாசமே இல்லை. என் மாணவன் கோவிந்தன் ழகரத்தைக் கரித்துண்டால் படகில் எழுதினான், துடுப்பில் எழுதினான், மீன் காயும் மணலிலும் எழுதினான். என் முறைக்குக் கிடைத்த வெற்றி என்று நான் பூரித்திருந்தபோது அவன் அம்மா எல்லம்மா வந்தாள்.

"இன்னா வாத்யாரே, கருவாட்டாண்ட போனா ஈ மொய்க்குதா, உன் எழுத்து மொய்க்குதான்னே தெரியல!"

எங்க பாடு

ஐப்பசியில் மழைத்தண்ணீர் ஏரிக்கு வந்து இறால் பெருகியது. ஒரு நாள் காலை பிள்ளைகள் உட்காரும் பதினொரு தடுக்குகளில் ஒன்பது காலி. கோவிந்தனின் அப்பா முனுசாமியை வழியில் மறித்துக் காரணம் கேட்டேன். "இன்னிக்கு எங்க பாடு" என்றார். பாடு என்றால் துன்பம் என்று படித்தவன் நான். "வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தேன்.

அவர் சிரித்துவிட்டார். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் சிலவே. அவற்றில் வலை போட ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் ஒரு நாள் முறை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அன்று இறாலைப் பொறுக்கப் பிள்ளைகளும் தண்ணீரில் இருக்க வேண்டும். நான் விடாமல், பாடம் என்னாவது என்றேன்.

"உன் பாடம் நாளைக்கும் இருக்கும் வாத்யாரே. எங்க பாடு நாளைக்கு வேற ஊட்டுது."

துபாஷியின் தமிழ்

வருகை ஓலையில் வராதவர் பெயர்களுக்கு நேரே 'பாடு' என்று காரணம் எழுதி, பயத்தோடு கோட்டைக்கு அனுப்பினேன். துரைக்குத் தமிழைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி உள்நாட்டுக்காரர், வலையைத் தொட்டறியாதவர். பிள்ளைகள் பாட்டுப் பாடப் போயிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டார். துரை தேவாலயத்தில் உரக்கப் பாடுகிறவர். மூடும் பேச்சை விட்டுவிட்டார். பிறர் பிழையைத் திருத்தாமல் நான் வாயை மூடிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

துபாஷி சொன்னார்: "துரைக்குப் பரம திருப்தி ஐயா. நேரில் கேட்க வருகிறார்."

துரை கேட்ட பாட்டு

முனுசாமி கூட்டத்தின் அடுத்த பாடு அன்று துரை கரைக்கு வந்து நின்றார். என் பள்ளி அன்றோடு சரி என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, பெரியவர்கள் வலையை இழுக்கும்போது 'ஏலேலோ' போட, இடுப்பளவு நீரில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். துரை கண்ணை மூடிக் கேட்டார். தினமும் பாடுவீர்களா என்று துபாஷி வழியாகக் கோவிந்தனைக் கேட்டார்.

"தெனமும் இல்ல. நைனாவுக்குப் பாடு வந்தாதான்."

உத்தரவு

பள்ளி பிழைத்தது. பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பாட வேண்டும் என்று, இறால் காலத்துக்கு இரண்டு மாத விடுமுறையும் வந்தது. என் மௌனத்துக்குக் கிடைத்த சன்மானம். கடைசி நாள் பதினொரு தடுக்குகளையும் நானே சுருட்டி வைத்தேன். மூட்டையோடு அனுப்பம்பட்டுக்குக் கிளம்பியபோது, இறால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்த எல்லம்மா வாழ்த்தினாள்.

"ரெண்டு மாசம் இனிமே உன் பாடு கொண்டாட்டம்தான் வாத்யாரே!"

வருஷம் முழுக்க நடக்கும் பள்ளியின் குறைகளைக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிறைகளை இப்போதைக்குப் பல்லியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.