செத்தவர் எண்ணில் ஒரு தாள்

அலுவலகத்தில் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போலீஸ் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளை ஹெட்போனில் கேட்டு, சொல்லுக்குச் சொல் டைப் செய்வது அவள் வேலை. ஒரு கமாவையோ இருமலையோகூட விடமாட்டாள். பத்தொன்பது வருடம், மூன்றாவது மாடி, ஜன்னல் திறக்காத அறை. ஒவ்வொரு தாளின் தலையிலும் நீதிபதி கொடுத்த அனுமதி எண் இருக்க வேண்டும். அது இல்லாமல் யார் பேச்சையும் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எண் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஜூலை ஒன்பதாம் தேதி, 417 என்ற எண்ணை அடிக்கும்போது கை நின்றது. அது ஒரு கடத்தல்காரரின் பேச்சைக் கேட்கக் கொடுத்த அனுமதி எண். அவர் மார்ச்சிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்; கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தவளே அவள்தான். இப்போது அதே எண்ணின் கீழ் ஒரு வக்கீலும், ஒரு தொழிற்சங்கச் செயலாளரும், வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்த ஓர் ஆசிரியையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, 417 செத்து நாலு மாசமாச்சே?”

“அவர் வந்து புகார் குடுத்தாரா?” என்றார் மேலதிகாரி. “நீ கமாவை மட்டும் பாரும்மா.”

அறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அன்று சாயங்காலம், ஆசிரியையின் தாள் ஒன்றை மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தாள். மறுநாள் நீதிமன்றத்துக்குப் புகார் எழுதினாள்.

வேலை போனது. அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்த 417 எண்ணின் மற்ற தாள்கள் மாயமாயின. ஆதாரம் என்று மிஞ்சியது டப்பாவில் வந்த ஒன்றுதான்.

“இனிமே நம்ம வீட்டுப் பேச்சையும் எவனோ டைப் அடிப்பான்,” என்றார் கணவர். “கமா ஒழுங்கா வைக்கிறானான்னு கேட்டுச் சொல்லு.” சொல்லிவிட்டு அவரே எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அதை ஆதாரமாகக் கொடுத்தால் நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஆசிரியை தன் அக்காவிடம் பேசிய பேச்சு அது. அடிக்கிற புருஷனை விட்டு, குழந்தையோடு எந்தத் தெருவில், எத்தனாம் எண் வீட்டு மாடியில் ஒளிந்திருக்கிறாள் என்பது அதில் இருந்தது. முகவரியை அழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கமா அக்கா தன் வக்கீலைக் கேட்டாள். “அழிச்ச தாளை நீங்களே அடிச்சுக் கொண்டாந்ததுன்னு சொல்லிடுவாங்க,” என்றார்.

வழக்குக்கு இரண்டு நாள் முன்பு, கேட்டுவிட்டே செய்வோம் என்று அந்த வீட்டு மாடியேறிக் கதவைத் தட்டினாள். சங்கிலி போட்டபடி கதவு நான்கு விரல்கடை திறந்தது.

“இந்த அட்ரஸ் உங்களுக்கு யார் குடுத்தா?”

“நீங்கதான், டீச்சர். போன்ல சொன்னீங்க. நான் டைப் பண்ணினேன்.”

விஷயத்தை அவள் சொல்லி முடித்தாள். ஆசிரியை கேட்டாள்: “நான் அழுதேனே, அதையும் போட்டீங்களா?”

“அழுகிறார்னு அடைப்புக்குறிக்குள்ள போடணும்னு விதி.”

“எத்தனை தடவை?”

“நாலு.”

“படிக்க விட்டுடாதீங்க. என் புருஷன் கண்ணுல பட்டா நான் முடிஞ்சேன்.” கதவு சாத்திக்கொண்டது.

வியாழக்கிழமை விசாரணை பதினொரு நிமிடம் நடந்தது. தாள் எங்கே என்றார் நீதிபதி.

“இருக்குங்க. ஆனா தரமாட்டேன்.”

“தரலைன்னா புகார் தள்ளுபடி. அரசு ஆவணத்தை எடுத்ததுக்கு உங்க மேல வழக்கு வரும்.”

“தெரியுங்க.”

அரசு வக்கீல் எழுந்தார். “அந்தரங்கத்தைக் காப்பாத்துறீங்களாம்மா? ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேட்டது யாரு?”

புகார் தள்ளுபடியானது. தாளை எடுத்ததற்காக அவளுக்கு எட்டு மாதச் சிறை பிறகு வந்தது. தாள் கடைசிவரை யார் கையிலும் சிக்கவில்லை. விசாரணைக்கு முந்தின இரவே அதை அடுப்பில் போட்டிருந்தாள். “இருக்குங்க” என்றது அவள் சொன்ன ஒரே பொய்; இல்லை என்றிருந்தால் அப்படியொரு தாளே கிடையாது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆசிரியை எதற்கும் காத்திருக்கவில்லை. கதவு தட்டப்பட்ட அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட்டாள். எங்கே போகிறாள் என்பதைத் தன் அக்காவிடம்கூடப் போனில் சொல்லவில்லை.