நடன வகுப்பு நின்ற பிறகு

மகளுக்கு அப்போது பதினோரு வயது. மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டில் பரதம் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அதற்கு முன்பு வீட்டில் ஒருமுறை வந்து, மருந்து ஆரம்பித்திருந்தோம். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார்கள். மகள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றிப் பொட்டு காதுப் பக்கம் நகர்ந்திருந்தது.

மறுநாள் ஆசிரியை போனில் அழைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. மத்தக் கொழந்தைகள் ரொம்ப பயந்துடுத்து. நன்னா குணமானப்பறம் அழைச்சுண்டு வாங்கோ." பேசும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பள்ளிவிட்டு வந்தால் அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் வேறு வகுப்பு தேடத் தொடங்கினேன். நீச்சலைப் பற்றி நினைக்கவே பயம். ராஜா அண்ணாமலைபுரத்தில் கீபோர்டு, அடையாறில் ஓவியம். போன இடத்திலெல்லாம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். "பாத்துக்க ஆள் இல்லையே மேடம்" என்பார்கள். "நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்" என்றால், யோசித்துச் சொல்வதாகச் சொல்வார்கள். யாரும் திரும்ப அழைத்ததில்லை.

அடையாறிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மகள் சொன்னாள். "அடுத்த எடத்துல சொல்லாதம்மா."

"சொல்லாம எப்படிடா விடறது?"

"நீ சொன்னவுடனே எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பிறகு தி.நகரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கேரம் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மகள் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன். நடத்துபவள் வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண். நான் சொன்னதைக் கேட்டு அவள் முகம் மாறவில்லை.

"வந்தா இன்னா பண்ணணும்கா? சொல்லுங்க, தெரிஞ்சு வெச்சிக்கறேன்."

பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அவ்ளோதானே? நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே ஓடிவந்து மகளிடம் சொன்னேன். "சேத்துக்கறாங்கடி!"

அவள் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல்.

எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரவில்லை. அந்தப் பெண் பிறகும் போன் செய்து அழைத்தாள். "படிக்க நிறைய இருக்கு ஆன்ட்டி" என்று மகள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கேரம் பலகை ஒன்று வாங்கிப் போட்டேன். விடுமுறை மதியங்களில் நாங்கள் இருவரும் ஆடுவோம். நன்றாகவே ஆடுகிறாள்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. மருந்து கேட்கிறது, வலிப்பு வந்து வெகுநாளாயிற்று. போன வாரம், பால்கனியில் நின்ற மகளைக் கீழே ஷட்டில் ஆடிய பெண்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "ஒரு ஆள் குறையுது, வரியா?" என்று கத்தினாள்.

மகள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வலிப்பு வரும். பரவால்லையா?" என்று கேட்டாள்.

தெருவில் தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது. "இன்னாது? கேக்கல!" என்றாள் கீழே நின்றவள்.

மகள் இரண்டாம் முறை சொல்லவில்லை. கையசைத்துவிட்டு உள்ளே வந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.