பூலாம்பாடிப் படத்திறப்பில் தமையனார் ஆற்றிய உரை

எம் தமையனாரைப் பற்றி உறவினரிடையே உலவும் கதையொன்று, சொல்வோர்தோறும் வளர்ந்து, அவர் மேடையிலிருந்து தவறிக் கிணற்றிலேயே விழுந்தார் என்னுமளவுக்கு வந்துவிட்டது. அவர் விழவில்லை, உடனிருந்தவன் யான். ஆதலின் நடந்ததை அவருடைய முதலாண்டு நினைவில் எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

தா.பழூரை அடுத்த சிற்றூரில் நெல் விளைக்கும் குடியில் பிறந்தவர். எங்கள் தந்தையார் இளவயதிலேயே மறைந்தமையால், தம் படிப்பை நிறுத்தி என்னைப் படிக்கவைத்தார். பெரம்பலூரில் பள்ளி ஆய்வக உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றபின், மறைந்தோரின் படத்திறப்புகளில் உரையாற்றுவதைத் தொண்டாக மேற்கொண்டார்.

பண்பாளர், அன்பாளர் என்றால் எவரும் அழமாட்டார். மறைந்தவர் தம் பசுவை என்ன பெயரிட்டு அழைத்தார் என்றால் அழுவர் என்பது அவர் கொள்கை. ஆகவே முதல்நாளே அவ்வீட்டுக்குச் சென்று, கேட்டவற்றை அழைப்பிதழின் பின்புறம் குறித்துக்கொள்வார்.

ஒருநாள் காலை பாடாலூரிலும் மாலை பூலாம்பாடியிலும் படத்திறப்பு. பூலாம்பாடியில் மறைந்தவர் வெங்காயம் பயிரிட்ட உழவர். அவருடைய மைந்தர் இருவரும் கிணற்றுநீரை முறைவைத்துப் பாய்ச்சுவதில் பிணங்கி, நான்காண்டுகளாகப் பேசாதிருந்தனர். பந்தலின் இரு கோடிகளில் அமர்ந்திருந்தனர்.

அவர்தம் தாயார் தமையனாரிடம், "அண்ணே, நீங்க பேசுற பேச்சுல ரெண்டு பயலும் பேசிக்கணும். கெணறுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க" என்று வேண்டினார்.

தமையனார் சட்டைப்பையிலிருந்து எடுத்தது பாடாலூர் அழைப்பிதழ். பெயர் மறுபக்கத்தில் இருந்ததால் அவர் அதைக் கவனிக்கவில்லை. பேச்சின் வேகத்தில் எச்சரிக்கையும் மறந்தது.

"விடியலில் தம் கிணற்றில் குதித்து, மூன்று சுற்று நீந்தி, ஈரத்தலையோடு வயலுக்குச் செல்லும் அப்பெருமகனாரை இனி என்று காண்போம்?" என்று தழுதழுத்தார்.

எவரும் அழவில்லை. தாயார் தலையில் கைவைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர், "யாருய்யா அது?" என்றார்.

இளைய மைந்தர் எழுந்தார். "ஐயா, எங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாதுங்க. முழங்கால் தண்ணியில எறங்கவே கத்துவாரு."

மறுகோடியிலிருந்து மூத்தவர், "முழங்காலா? பக்கெட் தண்ணிய ஊத்துனாலே கண்ண இறுக்கி மூடிக்குவாருடா! சோப்பக்கூட அம்மாதான் தேடிக் குடுக்கணும்" என்றார்.

பந்தல் முழுதும் சிரித்தது. பின்பு சட்டென அடங்கியது. அந்த 'டா' எல்லோர் செவியிலும் விழுந்திருந்தது. இளையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, ஒருதடவ நீ பின்னால வந்து ஊத்திட்டு ஓடுனியே..." என்று தொடங்கினார். தமையனார் தாளை மடித்துக்கொண்டு அமர்ந்தார். அவர் ஆற்றிய உரைகளுள் மிகக் குறுகியது அதுவே.

திரும்பும் பேருந்தில், "மானம் போச்சுடா தம்பி" என்றார்.

"அதான் ரெண்டு பேரும் பேசிட்டாங்களேண்ணே."

"பேசுனாங்க. என்னையத்தான் பேச விடல."

இறுதித் திங்கள்களில் குரல் நலிந்து, கையசைவால் மட்டுமே பேசினார். அவரைப் பேணிய செவிலியர்க்கும், இரவு பகல் பாராது உதவிய அண்டை வீட்டார்க்கும், இறுதிச் சடங்கிற்கு ஒரே வண்டியில் வந்து நாற்காலிகளை இறக்கிவைத்த பூலாம்பாடி உடன்பிறந்தார் இருவர்க்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டுள்ளது.

தமையனாரின் வழக்கமோ சொல்லோ இதில் பிழைபடக் குறிக்கப்பட்டிருப்பின், அறிந்தவர்கள் திருத்துமாறு வேண்டுகிறேன். கூட்டத்தின் நடுவே எழுந்து உரக்கச் சொன்னாலும் யான் வருந்தேன்.